சாம்பல் கல்லாகும் முன்: வேதி அறிக்கையைக் கொண்டு கிளிங்கரைக் கணித்தல்

விறகு, உமி, கடலைத் தொலி என்று எதை வாங்கினாலும் பாய்லர் லோடுக்கு நாம் பார்ப்பவை மூன்று எண்கள்தான்: எரிவெப்பம், ஈரப்பதம், சாம்பல் சதவீதம். விலை பேச இவை போதும். கிரேட்டின் மேல் கிளிங்கர் கட்டுமா, ட்யூப்களில் படிவு ஏறுமா என்று கேட்டால் மூன்றும் வாய் திறக்காது. சாம்பல் அதிகமென்றால் கிளிங்கரும் அதிகம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உமி ஒன்றே அதை உடைத்துவிடும். உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அப்படியிருந்தும் நம் அரிசி ஆலைகள் தலைமுறைகளாக அதை எரித்துத்தான் நெல் அவிக்கின்றன. சாம்பல் பெரும்பாலும் தூளாகவே வெளியே வருகிறது. கோதுமை வைக்கோலில் சாம்பல் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதை எரிக்கும் டென்மார்க் மின்நிலையங்களுக்கோ கிளிங்கரும் ட்யூப் அரிப்பும் பழகிப்போன தொல்லைகள். ஆகவே எவ்வளவு சாம்பல் என்பதைவிட எந்தச் சாம்பல் என்பதே பெரிய கேள்வி. அதற்கான விடையில் பெரும்பகுதியை, லோடு யார்டுக்குள் வருமுன்பே, ஒரு வேதி அறிக்கையையும் கால்குலேட்டரையும் வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: எந்த ஒற்றை எண்ணையும் முழுதாக நம்பக்கூடாது. அது ஏன் என்பதற்குத்தான் இந்த அத்தியாயத்தில் அதிக இடம் போகிறது.

வேதியியல்: தேவையான அளவு மட்டும்

சாம்பலில் பத்துப் பன்னிரண்டு தனிமங்கள் இருந்தாலும் உருகலைத் தீர்மானிப்பவை நான்கைந்துதான். சிலிக்கா தனியாக இருந்தால் 1,700 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். சுண்ணாம்பான கால்சியம் ஆக்சைடு 2,500 டிகிரியிலும் அசையாது. இவை நம் உலைகள் எட்டாத வெப்பநிலைகள். சிலிக்காவோடு பொட்டாசியம் சேர்ந்தால் கதை மாறிவிடும். இரண்டும் கூடிய கலவை, தக்க விகிதத்தில், சுமார் 770 டிகிரியிலேயே கண்ணாடிக் குழம்பாகிவிடும். மணலோடு காரத்தைச் சேர்த்துக் கண்ணாடி உருக்குகிறவர்கள் செய்வதும் இதுவே. கிரேட்டில் அது நம்மைக் கேட்காமல் நடக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் போதுமான அளவு இருந்தால் சிலிக்காவைத் தம் பக்கம் இழுத்து, உருக அதிக வெப்பம் கேட்கும் சேர்மங்களாக மாற்றிவிடும். அலுமினியம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். குளோரின் பொட்டாசியத்தை ஆவியாக்கி மேலே ட்யூப்களுக்கு அனுப்பும். பாஸ்பரஸ் மிகுந்த பிண்ணாக்கு, தானியக் கழிவு ஆகியவை தனிச் சாதி; கீழே சொல்லப்போகும் கணக்குகளை அவற்றின்மேல் ஏற்ற வேண்டாம்.

படி 1: மாதிரி எடுத்தல்

கணிப்புகள் தவறிப்போவது பெரும்பாலும் கணக்கில் இல்லை, மாதிரியில். குவியலின் மேலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பினால் மண்ணே இல்லாத மாதிரி கிடைக்கும். மண்ணும் தூளும் அடியில் தங்கியிருக்கும். பாய்லருக்குள் போகும்போது அதுவும் சேர்ந்துதான் போகிறது.

1. லாரியிலிருந்து கொட்டும்போதோ கன்வேயரில் ஓடும்போதோ எடுங்கள். ஒரு லோடுக்குக் குறைந்தது பத்து முறை, தொடக்கம் நடு இறுதி என்று பரவலாக.
2. எல்லாவற்றையும் சுத்தமான தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு கால்பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். இரண்டு மூன்று கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.
3. தள்ளும்போது அடியில் தங்கிய தூளையும் அதனதன் பங்கோடு கூட்டிச் சேருங்கள். துடைப்பத்தால் தட்டிவிடும் அந்தத் தூளில்தான் மண் இருக்கிறது.
4. காற்றுப் புகாத இரண்டு பைகளில் போட்டு, நாள், வண்டி, ஊர், அறுவடைக்குப் பின் மழை பட்டதா என்ற விவரத்தோடு ஒன்றை அனுப்பி மற்றொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விவரத்தை வெறும் சம்பிரதாயமாக எழுத வேண்டாம். வயலில் கிடந்து மழையில் நனைந்த வைக்கோலிலிருந்து பொட்டாசியமும் குளோரினும் பெருமளவு கரைந்து போய்விடும். ஒரே வயல், ஒரே பயிர், மழைக்கு முன் ஒரு சாம்பல், மழைக்குப் பின் வேறொரு சாம்பல்.

படி 2: ஆய்வகத்திடம் என்ன கேட்பது

நம்மூர் ஆய்வகங்கள் பலவும் நிலக்கரிக்குப் பழகியவை. சாம்பலை 815 டிகிரியில் எரித்து எடுக்கும் வழக்கம் அங்கே இருக்கும். அந்த வெப்பத்தில் உயிர்ப்பொருள் சாம்பலிலிருந்து பொட்டாசியமும் குளோரினும் ஓரளவு ஆவியாகிவிடும். நாம் தேடும் குற்றவாளியே தப்பிய பிறகு விசாரணை நடத்துவதில் பயனில்லை. எனவே கோரிக்கைக் கடிதத்தில் இவற்றைத் தெளிவாக எழுதுங்கள்:

1. சாம்பல் அளவு, 550 டிகிரியில், உலர் அடிப்படையில் (ஐ.எஸ்.ஓ. 18122).
2. சிலிக்கா, அலுமினா, இரும்பு, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், டைட்டானியம், மாங்கனீஸ் (ஐ.எஸ்.ஓ. 16967). தனிமமாகவா ஆக்சைடாகவா என்று அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.
3. குளோரினும் கந்தகமும்: சாம்பலில் அல்ல, எரிபொருளிலேயே அளந்தது (ஐ.எஸ்.ஓ. 16994).
4. மொத்த எரிவெப்பம், உலர் அடிப்படையில்.
5. கையில் பணம் இருந்தால் சாம்பல் உருகல் சோதனை (ஐ.எஸ்.ஓ. 21404).

*எச்சரிக்கை:* சிலிக்காவைக் கரைத்து அளக்கும் சில முறைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுகிறது. தோல்வழி ஊடுருவி உயிரையே எடுக்கக்கூடியது. செலவு மிச்சம் என்று ஆலைக்குள் அதை முயல வேண்டாம்.

அறிக்கை வந்ததும் முதலில் ஆக்சைடுகளைக் கூட்டிப் பாருங்கள். உமி, வைக்கோல் போன்றவற்றில் கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டி வரவேண்டும். கட்டை விறகில் அதைவிட நன்றாகக் குறையலாம்; 550 டிகிரியில் சுண்ணாம்பு கார்பனேட்டாகவே நிற்பதால் அதிலுள்ள கரியமில வாயு இந்தப் பட்டியலில் வராது. உமிக்கு 80 வந்தாலோ எதற்கானாலும் 110 வந்தாலோ மேற்கொண்டு கணக்குப் போடாமல் ஆய்வகத்தைக் கூப்பிடுங்கள். தனிமமாகத் தந்திருந்தால் பொட்டாசியத்தை 1.205, சிலிக்கானை 2.139, கால்சியத்தை 1.399 ஆல் பெருக்க ஆக்சைடு கிடைக்கும். தனிமத்தை ஆக்சைடு என்று வாசித்துவிட்டு, கெட்ட எரிபொருளை நல்லதாக நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

படி 3: மூன்று கணக்குகள்

பயிற்சிக்கு, கலிபோர்னியாவின் பிரையன் ஜென்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1998-ல் வெளியிட்ட பகுப்பாய்விலிருந்து நான்கு எரிபொருள்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் லோடின் எண்கள் வேறாக இருக்கும், வழி இதுவே.

- நெல் வைக்கோல்: சாம்பல் 18.67%, அந்தச் சாம்பலில் சிலிக்கா 74.67, பொட்டாசியம் ஆக்சைடு 12.30, கால்சியம் ஆக்சைடு 3.01, மக்னீசியம் ஆக்சைடு 1.75.
- உமி: சாம்பல் 20.26%, சிலிக்கா 91.42, பொட்டாசியம் 3.71, கால்சியம் 3.21, மக்னீசியம் இல்லை என்றே சொல்லலாம்.
- கோதுமை வைக்கோல்: சாம்பல் 7.02%, சிலிக்கா 55.32, பொட்டாசியம் 25.60, கால்சியம் 6.14, மக்னீசியம் 1.06.
- பாப்லர் கட்டை: சாம்பல் 2.70%, சிலிக்கா 5.90, பொட்டாசியம் 9.64, கால்சியம் 49.92, மக்னீசியம் 18.40.

கணக்கு அ: காரச் சுமை. ஒரு கிலோ உலர்ந்த எரிபொருளில் பொட்டாசியம், சோடியம் ஆக்சைடுகள் எத்தனை கிராம் என்று கண்டு, அதை எரிவெப்பத்தால் (ஒரு கிலோவுக்கு எத்தனை மெகாஜூல்) வகுக்க வேண்டும். வருவது ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு எத்தனை கிலோ காரம் உலைக்குள் போகிறது என்பது. 0.17-ஐத் தாண்டினால் படிவு வர வாய்ப்பு, 0.34-ஐத் தாண்டினால் வந்தே தீரும் என்பது 1990-களில் அமெரிக்க மின்நிலையங்களின் படிவுகளை ஆராய்ந்த மைல்ஸ் குழு வழியாகப் பரவிய அளவுகோல். நெல் வைக்கோல் 1.64, கோதுமை வைக்கோல் 1.07, உமி 0.50, பாப்லர் 0.14.

கணக்கு ஆ: மோல் விகிதம். சிலிக்கான், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றின் மோல் கூட்டலை, கால்சியம், மக்னீசியம் மோல் கூட்டலால் வகுப்பது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தைச் சேர்ந்த சோமர்சாகர், புரூனர், ஓபர்ன்பெர்கர் ஆகியோர் 2012-ல் முன்வைத்தது. மோலாக்க, சிலிக்காவை 60.1, பொட்டாசியம் ஆக்சைடை 47.1, பாஸ்பரஸ் பென்டாக்சைடை 71, கால்சியம் ஆக்சைடை 56.1, மக்னீசியம் ஆக்சைடை 40.3 ஆல் வகுத்தால் போதும். விகிதம் 1-க்கு வெகுவாகக் கீழே இருந்தால் பொதுவாக நிம்மதி. ஏற ஏறச் சாம்பல் ஒட்டத் தொடங்கும் வெப்பநிலை இறங்கும். பாப்லருக்கு 0.24. கோதுமை வைக்கோலுக்கு 10.9. நெல் வைக்கோலுக்கு 15.7. உமிக்கு 28.

கணக்கு இ: குழம்புப் பங்கு. பொட்டாசியமும் சிலிக்காவும் சேர்ந்து முதலில் உருகும் குழம்பில் பொட்டாசியம் ஆக்சைடு ஏறத்தாழ 30 சதவீதம். அப்படியானால் ஒரு பங்கு பொட்டாசியம் ஆக்சைடு தன்னோடு இரண்டு பங்குக்குச் சற்று அதிகமான சிலிக்காவை இழுத்துக்கொண்டு உருகும். பொட்டாசியம் ஆக்சைடை, அதுவும் சிலிக்காவும் சேர்ந்த தொகையால் வகுத்து, விடையை மறுபடி 0.3 ஆல் வகுங்கள். 800 டிகிரியை ஒட்டி எவ்வளவு குழம்பாகலாம் என்ற தோராயம் கிடைக்கும். உமி 13 சதவீதம். நெல் வைக்கோல் 47 சதவீதம். கோதுமை வைக்கோலுக்கு 100-ஐத் தாண்டும், அதாவது சிலிக்கா முழுவதும் கரையும். சுண்ணாம்பு குறைந்த சாம்பலுக்கு மட்டுமே இந்தக் கணக்கு செல்லும், பாப்லருக்குப் போடாதீர்கள்.

எண்கள் ஒன்றையொன்று மறுக்கும்போது

உமியை இப்போது திரும்பிப் பாருங்கள். கணக்கு அ அதை அபாயப் பட்டியலில் வைக்கிறது. கணக்கு ஆ-வின்படி நான்கில் மிக மோசமானது அதுதான். உலையில் நடப்பதோ நேர்மாறு. "இந்தக் குறியெண்களே வீண், பழகிய ஃபயர்மேன் கண்ணால் பார்த்துச் சொல்வதே மேல்" என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. வாதத்தில் பாதி உண்மை. ஒவ்வொரு குறியெண்ணும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்காகப் பிறந்தது. வேறு கேள்வியைக் கேட்டால் தப்பான விடை தருவது அதன் குற்றமில்லை. காரச் சுமை பார்ப்பது எவ்வளவு காரம் உள்ளே போகிறது என்பதை மட்டும். அது எதனோடு சேர்கிறது என்று பார்ப்பதில்லை. மோல் விகிதம் சிலிக்காவைக் குற்றவாளிப் பக்கத்தில் கூட்டுகிறது. பொட்டாசியமும் கால்சியமும் கணிசமாக இருக்கும் விறகு, பட்டை, சருகு ஆகியவற்றுக்கு அது சரியான கணக்கு. உமியில் சிலிக்காவோடு சேரவேண்டிய பொட்டாசியமே போதவில்லை. ஒரு பொட்டாசியம் அணுவுக்கு உமியில் சுமார் 19 சிலிக்கான் அணுக்கள். கோதுமை வைக்கோலில் இரண்டுகூட இல்லை. உருகிய 13 சதவீதத்தை உருகாத சிலிக்கா எலும்புக்கூடு தாங்கிக்கொள்கிறது.

13 என்பது ஏன் தாங்கத்தக்கது? காகித ஆலைகளின் கறுங்கழிவு பாய்லர்களில் ஒரு பழைய விதி உண்டு: படிவில் உருகிய பங்கு 15 சதவீதத்தை எட்டும்போது அது ஒட்டத் தொடங்கும், 70-ஐ எட்டும்போது வழிந்தோடும். உப்புப் படிவுகளுக்காக எழுந்த விதியைச் சிலிக்கா சாம்பலுக்கு அப்படியே பொருத்த முடியாது. இழுபடும் கண்ணாடிக் குழம்பு உப்பைப் போல் ஓடாது. ஆனால் கொஞ்சம் உருகினால் கேடில்லை, ஓரளவுக்கு மேல்தான் கேடு என்ற பாடம் பொதுவானது. உமி எல்லைக்கு அருகேதான் நிற்கிறது என்பதையும் இதே எண் காட்டுகிறது. வயலில் வைக்கோல் கலந்து வந்த உமி, காற்று அதிகமாகி ஒரே இடத்தில் வெள்ளையாய்க் கொதிக்கும் கிரேட் என்று ஏதேனும் ஒன்று சேர்ந்தால் அதுவும் கட்டி பிடிக்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. சாம்பலில் சிலிக்காவும் சுண்ணாம்பும் எவ்வளவு என்று பாருங்கள். சுண்ணாம்பு மேலோங்கினால் (பெரும்பாலான கட்டை விறகு) கணக்கு ஆ.
2. சிலிக்கா மேலோங்கிச் சுண்ணாம்பு சொற்பமாக இருந்தால் (உமி, வைக்கோல், புல்) கணக்கு இ.
3. எதுவானாலும் கணக்கு அ-வைப் போட்டுக் குளோரினோடு சேர்த்துப் படியுங்கள். அது கிரேட்டுக்கல்ல, ட்யூப்களுக்கு. பொட்டாசியம் குளோரைடு 771 டிகிரியில் உருகும்; அதற்குக் கீழேயே ஆவியாகிப் போய்ச் சூப்பர்ஹீட்டரில் படிந்து இரும்பைத் தின்னும். அந்த 1998 பகுப்பாய்வில் நெல் வைக்கோலில் குளோரின் 0.58 சதவீதம், பாப்லரில் 0.01. கடலோரத்துச் சவுக்கு, தென்னங்கழிவு எதுவானாலும் குளோரினைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நிலக்கரிக்காரர்களின் கார-அமில விகிதத்தை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் ஒரே பக்கத்தில் கூட்டிவிடுகிறது. அலுமினாவும் இரும்பும் நிறைந்த நிலக்கரிச் சாம்பலில் அது செல்லுபடியாகலாம். நம் சாம்பலில் ஒன்று நோய், மற்றது மருந்து.

"ஆய்வகமே உருகுநிலையை அளந்து தருகிறதே?"

தரும். சாம்பலைச் சிறு உருளையாக அழுத்தி, சூடேற்றி, நிழலுருவைப் பார்த்து நான்கு வெப்பநிலைகளைக் குறிப்பார்கள்: சுருங்கத் தொடங்குவது, முனை மழுங்குவது, அரைக்கோளமாவது, வழிந்து பரவுவது. ஐரோப்பிய மரத்துகள் உருளைச் சான்றிதழான என்பிளஸ், ஏ1 தரத்துக்கு முனை மழுங்கும் வெப்பநிலை 1,200 டிகிரிக்குக் குறையக்கூடாது என்கிறது. மதிப்பில்லாத சோதனைக்கு யாரும் அப்படி விதி எழுதமாட்டார்கள். ஆனாலும் அதை மட்டுமே நம்புவதற்கு எதிராக இரண்டு காரணங்கள் இருக்கின்றன. உருளையின் வெளி உருவம் மாறுமுன்பே உள்ளே குழம்பு பிறந்துவிடும். உருகாத துகள்கள் உருவத்தைத் தாங்கி நிற்க, கருவி எதையும் காணாது. உலையில் ஒட்டல் தொடங்குவதோ அந்த முதல் குழம்பில். மேலும் உருகுநிலை 950 என்று மட்டும் தெரிந்தால் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: லோடை மறுப்பது. 950 ஆனதற்குக் காரணம் மண்ணில் வந்த சிலிக்காவா, பயிரில் வந்த பொட்டாசியமா என்று தெரிந்தால் சல்லடையா கழுவலா என்று முடிவெடுக்கலாம். காரணத்தைச் சொல்வது வேதி அறிக்கைதான்.

கணக்கில் வரும் எண்ணைப் பத்து டிகிரித் துல்லியம் கொண்டதாக எண்ணுவதும் அதே அளவு தவறு. நம் கணக்கு தருவது தரவரிசையும் காரணமும். எந்த லோடு முந்தியதைவிட மோசம், எதனால் மோசம் என்ற அளவுக்கு அதைத் தாராளமாக நம்பலாம்.

மண்ணும் கலவையும்

பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்கிய சீமைக் கருவேலக் கட்டையையும், செம்மண்ணிலிருந்து பறித்த கடலையின் தொலியையும் வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம். சுத்தமான கட்டைச் சாம்பல் சுண்ணாம்பு மயம். அதில் மணல் ஏறினால் என்ன ஆகும் என்று பாப்லரை வைத்தே பார்ப்போம். 100 கிலோ உலர் கட்டையோடு 2 கிலோ மணல் உள்ளே போனால் மோல் விகிதம் 0.24-லிருந்து 1.15-க்குத் தாவுகிறது. பருமணல் முழுவதும் வினைபுரியாது, உண்மை. வேர்ப்பட்டையில் அப்பிய நுண்மண்ணோ தாராளமாக வினைபுரியும். இங்கே சாம்பல் சதவீதம் உதவுகிறது: கட்டை விறகுக்கு 2.7 வரவேண்டிய இடத்தில் 4.6 என்று வந்தால், அந்த அதிகப்படி மரத்துடையதாக இருக்க வாய்ப்பு குறைவு.

கலவையில் இன்னொரு பொறி இருக்கிறது. விறகும் நல்லது, உமியும் நல்லது, ஆகவே இரண்டும் கலந்தது நல்லது என்பது இயல்பான நினைப்பு. 90 கிலோ கட்டையோடு 10 கிலோ உமியைக் கலந்து கணக்குப் போட்டால் மோல் விகிதம் 1.19, மணல் கலந்ததற்குச் சமம். பத்தில் ஒரு பங்கு உமியானாலும் சாம்பலில் கிட்டத்தட்ட பாதி அதனுடையது. அதுவும் நுண்ணிய, வினைக்குத் தயாரான சிலிக்கா. பாதிக்குப் பாதி கலந்தாலோ சாம்பல் முக்கால்வாசிக்கு மேல் உமியாகிவிடுவதால் மீண்டும் உமியின் குணத்துக்கே நெருங்குகிறது. கேடு நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஒளிந்திருப்பதால்தான், கொஞ்சமாகக் கலந்து பார்க்கும் பரிசோதனை ஏமாற்றுகிறது.

*குறிப்பு:* கலவைக்கு இரண்டு உருகுநிலைகளின் சராசரியை எடுக்காதீர்கள். ஒவ்வொன்றின் எடையையும் அதன் சாம்பல் சதவீதத்தால் பெருக்கி, ஆக்சைடுகளைக் கிலோவாகக் கூட்டி, பிறகு விகிதம் போடுங்கள்.

உலையையும் கணக்கில் சேருங்கள்

கிரேட் பாய்லரில் தீப்படுகை 1,000 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மணல் படுகை கொதிக்கும் ஃப்ளூயிடைஸ்டு பெட் பாய்லர் 800 முதல் 900 வரை ஓடும். குறைந்த வெப்பம் ஆகவே பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அங்கே சிலிக்காவை எரிபொருள் கொண்டுவரத் தேவையில்லை, படுகையே சிலிக்கா. பொட்டாசியம் மட்டும் வந்தால் போதும், மணல்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுகை உறைந்துபோகும். அதனால் சிலிக்கா குறைந்து பொட்டாசியம் மிகுந்த தென்னை மட்டை போன்றது கிரேட்டில் ஒருமாதிரி, மணல் படுகையில் வேறுமாதிரி நடந்துகொள்ளும். பக்கத்து ஆலையில் ஓடுகிறது என்பது சான்றாகாததற்கு இது ஒரு காரணம்.

படி 4: ஆலையிலேயே ஒரு சரிபார்ப்பு

மஃபிள் உலை ஒன்று இருந்தால் கணிப்பை ஒரே நாளில் சரிபார்க்கலாம்.

1. எரிபொருளை அரைத்து மெல்லிதாகப் பரப்பி, மெதுவாக 250 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு 550-க்கு ஏற்றிக் குறைந்தது இரண்டு மணி நேரம். அவசரப்பட்டு நேரே ஏற்றினால் தீப்பற்றிச் சாம்பல் பறக்கும்.
2. சாம்பலை இடித்து, சில சொட்டு நீரில் பிசைந்து, சுண்டுவிரல் நுனியளவு வில்லைகளாக அழுத்திக் காயவையுங்கள்.
3. அலுமினாத் தட்டில் வையுங்கள். பீங்கான் மூசை வேண்டாம். பொட்டாசியம் அதன் மெருகோடு வினைபுரிந்து பொய்யான குழம்பைக் காட்டும்.
4. 800, 900, 1,000, 1,100 என்று ஒவ்வொன்றுக்கும் புது வில்லையை ஒரு மணி நேரம் வையுங்கள். உங்கள் உலையின் உச்ச வரம்பைப் பெயர்ப்பலகையில் பார்த்த பிறகே.
5. ஆறியபின் விரலால் நசுக்குங்கள். தூளானால் 0, கட்டைவிரல் அழுத்தத்தில் உடைந்தால் 1, சுத்தியல் கேட்டால் 2, பளபளப்பாகத் தட்டில் ஒட்டியிருந்தால் 3. முதன்முதலில் 2 வரும் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள்.

*பாதுகாப்பு:* விறகுச் சாம்பல் நீர்பட்டால் கடுங்காரம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அதிக வெப்பத்தில் எரிந்த உமிச் சாம்பலில் படிக சிலிக்கா உண்டாகும், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். துண்டு கட்டிக்கொள்வது போதாது, தூசிக்கான முகக்கவசம் அணியுங்கள். மஃபிள் உலையிலிருந்து வரும் ஆவி வெளியே போக வழி இருக்கட்டும்.

கணிப்பு மோசமாக வந்தால்

மண்தான் காரணம் என்றால் மலிவான மருந்து சல்லடை. சலித்த தூளைத் திரும்பச் சேர்க்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். பொட்டாசியமும் குளோரினும் காரணம் என்றால் கழுவல் வேலை செய்யும். பொள்ளாச்சிப் பக்கம் ஏற்றுமதித் தென்னைநார்த் தூளை உப்பு இறங்கும்வரை கழுவுகிறார்களே, அதே வேலைதான். காயவைக்கும் செலவையும் கழுநீரை எங்கே விடுவது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் கட்டுமா என்று தெரியும்.

மூன்றாவது வழி கயோலின் என்ற வெள்ளைக் களிமண். அதிலுள்ள அலுமினா பொட்டாசியத்தைப் பிடித்து, 1,600 டிகிரிக்கு மேலும் உருகாத சேர்மமாக்கும். கணக்குப்படி ஒரு கிலோ பொட்டாசியத்துக்கு 3.3 கிலோ கயோலின். பாப்லர் போன்ற கட்டைக்கு டன்னுக்குச் சுமார் 7 கிலோ. நெல் வைக்கோலுக்கு 63 கிலோ. முதலாவது நடைமுறை, இரண்டாவது ஆசை. எல்லாப் பொட்டாசியத்தையும் பிடிக்கத் தேவையில்லை, குழம்புப் பங்கைக் குறைத்தால் போதும் என்பதால் கணக்கில் பாதியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். தூவினால் காற்றோடு போய்விடும். பிரிக்கெட் அழுத்தும்போதே கலக்க வேண்டும். சுண்ணாம்புத் தூளும் சிலிக்காச் சாம்பலுக்கு உதவும். ஆனால் சிலிக்காவை அது எடுத்துக்கொள்ளும்போது விடுபட்ட பொட்டாசியம் மேலே ட்யூப்களை நோக்கிக் கிளம்பும். குளோரின் அதிகமான லோடுக்கு அந்த வழி வேண்டாம்.

கிளிங்கர் கட்டியே விட்டால்

1. எரிபொருளை நிறுத்தி, தீ அடங்கும்வரை காத்திருங்கள். கதவைத் திறக்குமுன் உலைக்குள் இழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நெருப்பு உங்கள் முகத்துக்கு வரும்.
2. செஞ்சூட்டுக் கட்டிமேல் நீர் ஊற்றவே கூடாது. நீராவி வெடித்துக் கதவுவழியே சீறும். உலைக்கல்லும் விரிசல் விடும்.
3. சுவரிலோ ட்யூப்களிலோ தொங்கும் கட்டி இருக்கும்போது கீழே ஆள் போகக்கூடாது. வெளியிலிருந்து நீளக் கம்பியால், பக்கவாட்டில் நின்று தட்டிவிடுங்கள். உள்ளே இறங்க வேண்டியிருந்தால் முழுக்க ஆறியபின், ஃபேனையும் ஃபீடரையும் பூட்டுப்போட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்திவைத்து.
4. உடைத்த கட்டியை எறியுமுன் கைப்பிடியளவு தனியே எடுத்து, எந்த லோடு, கிரேட்டின் எந்த மூலை என்று எழுதிவையுங்கள். அதையும் ஆக்சைடு பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். எரிபொருள் சாம்பலைவிடக் கட்டியில் அலுமினாவும் இரும்பும் கூடியிருந்தால் மண் வந்திருக்கிறது. பொட்டாசியம் கூடியிருந்தால் பயிரைப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்து சாம்பல் அப்படியே உருகியிருந்தால் எரிபொருளை விட்டுவிட்டு, அந்த மூலைக்குப் போகும் காற்றின் டாம்பரைத் திறந்து பாருங்கள்.